செடித் தொட்டிக்கு எந்த டியூப்லைட்: டி8, டி5, ஹெச்.ஓ., சி.எஃப்.எல்.?

நீர்ச்செடி வளர்க்க மீன் தொட்டி வாங்கி, மண் போட்டு, ஃபில்டர் மாட்டி எல்லாம் முடித்துவிட்டு லைட்டில் வந்து திகைத்து நிற்பவர்கள் நிறையப் பேர். போன மாதம் ஒரு நண்பர் கேட்டதை அப்படியே சொல்கிறேன். "வீட்டில் பழைய டியூப்லைட் ஃபிட்டிங் ரெண்டு சும்மா கிடக்கு. தெரிஞ்சவர் ஒருத்தர் தொட்டியைக் கலைக்கிறார், அவர்கிட்ட நாலு டியூப் டி5 ஹெச்.ஓ. ஃபிட்டிங் இருக்கு, பாதி விலைக்குத் தரேன்கிறார். மீன் கடையில கேட்டா, அதெல்லாம் வேண்டாம், ரெண்டு சி.எஃப்.எல். மாட்டுங்க போதும்கிறாங்க. எதை எடுக்க?" (ஹெச்.ஓ. என்றால் ஹை அவுட்புட், அதே நீளத்தில் அதிக வெளிச்சம் தரும் டியூப். டி8, டி5 என்பவை டியூபின் தடிமனைச் சொல்பவை.)

அவருடையது நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி. மண்ணும் கல்லும் போக இருநூறு லிட்டர் தண்ணீர் நிற்கும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இல்லை, வாங்கும் எண்ணமும் இப்போதைக்கு இல்லை. கிரிப்டோகோரைன், வாலிஸ்னேரியா, ஜாவா ஃபெர்ன் வைக்க ஆசை. இதே நிலையில்தான் நம்மில் பாதிப்பேர் இருக்கிறோம் என்பதால் அவருடைய தொட்டியை வைத்தே பார்ப்போம்.

## முதலில் எதை வைத்து அளப்பது

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி: கார்பன் டை ஆக்சைடு கொடுக்கிறீர்களா, இல்லையா? லைட் என்பது செடியின் வேகத்தை முடிவு செய்வது. வெளிச்சம் கூடக் கூட செடி அதிக கார்பன் கேட்கும், அடுத்து அதிக நைட்ரேட், பொட்டாஷ், இரும்புச்சத்து கேட்கும். கேட்டது கிடைக்காவிட்டால் செடி அப்படியே நின்றுவிடும், மிச்சமிருக்கும் வெளிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். அதனால் சிலிண்டர் இல்லாத தொட்டிக்கு வலுவான லைட் வாங்குவது காசு கொடுத்துப் பாசி வளர்ப்பதுதான்.

நானே இதைச் செய்து பார்த்திருக்கிறேன். நாலு ஹெச்.ஓ. டியூபையும் தினம் பத்து மணி நேரம் எரியவிட்டேன், சிலிண்டர் கிடையாது. மூன்றாவது வாரத்தில் வாலிஸ்னேரியா இலை ஓரமெல்லாம் நூல்பாசி, கண்ணாடி முழுக்கச் சுரண்டினாலும் போகாத பச்சைப் புள்ளிகள். இரண்டு டியூபைக் கழற்றி, நேரத்தை ஏழு மணியாகக் குறைத்து, இலைகளை வெட்டித் தள்ளிய பிறகு ஒரு மாதத்தில் அடங்கியது.

அடுத்தது, டியூபுக்கும் மண்ணுக்கும் உள்ள தூரம். தொட்டி எத்தனை லிட்டர் என்பதைவிட எவ்வளவு ஆழம் என்பதுதான் முக்கியம். ஒரு அடி உயரத் தொட்டியில் தாராளமாக இருக்கும் ஒரே டியூப், இரண்டடி உயரத் தொட்டியில் தரைக்குப் போய்ச் சேர்வதற்குள் மங்கிவிடும். பார் மீட்டர் (செடிக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் கருவி) கையில் உள்ளவர்களுக்கு: தரையில் 30 மைக்ரோமோலுக்குக் கீழே இருந்தால் குறைந்த வெளிச்சம், 30 முதல் 50 வரை நடுத்தரம், அதற்கு மேல் போனால் சிலிண்டர் இல்லாமல் சமாளிப்பது கடினம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் டியூபின் நீளம் தொட்டிக்குப் பொருந்துகிறதா, மூடிக்குள் எவ்வளவு சூடேறும், மாதம் எத்தனை யூனிட் ஓடும், டியூபோ சோக்கோ போனால் மாற்று கிடைக்குமா. இந்தக் கடைசிக் கேள்வி பத்து வருடத்துக்கு முன்னால் தேவைப்படவில்லை. இன்றைக்கு மிகவும் தேவை.

## டியூப் மேல் அச்சடித்த எண்ணைப் படியுங்கள்

எந்த வகை என்று போவதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் வகையைச் சரியாகத் தேர்ந்துவிட்டு டியூபில் கோட்டை விடுகிறார்கள்.

டியூபின் ஒரு முனையில் வாட் எண்ணுக்குப் பக்கத்தில் 865, 840, 827 என்று மூன்று இலக்க எண் இருக்கும். முதல் இலக்கம் 8 என்றால் நிறங்களை உள்ளபடி காட்டும் திறன் 80க்கு மேல் என்று பொருள். அடுத்த இரண்டு இலக்கம் ஒளியின் நிறம்: 65 என்றால் 6500 கெல்வின், பகல் வெளிச்சம் போல வெள்ளை. 40 என்றால் 4000, லேசாக மஞ்சள் கலந்தது. 27 என்றால் பழைய குண்டு பல்பு மஞ்சள். செடி இதில் எதிலும் வளரும், உண்மையாகவே வளரும். ஆனால் பார்ப்பதற்கும் இலையின் பச்சை எடுப்பாகத் தெரிவதற்கும் 865 நல்லது, இரண்டு டியூப் போடுபவர்கள் ஒன்று 865 ஒன்று 840 என்று கலந்தால் சிவப்புச் செடிகளும் மீன்களும் உயிரோடு தெரியும்.

கடையில் விலை குறைவாகக் கிடைக்கும் பழைய வகை டியூபில் வெறும் 54 என்றோ 765 என்றோ இருக்கும். இதுவும் 'கூல் டேலைட்' வெள்ளைதான், பார்த்தவுடன் வித்தியாசம் தெரியாது. ஆனால் உள்ளே பூசிய ரசாயனம் வேறு. அதே 36 வாட்டில் 54 என்று போட்டது சுமார் 2,500 லூமென் தரும், 865 சுமார் 3,250 தரும். அதே கரண்டுக்கு முப்பது சதவீதம் கூடுதல் வெளிச்சம், அதுவும் வருடக் கணக்கில் அதிகம் மங்காமல். லூமென் மனிதக் கண்ணுக்கான அளவு, செடிக்கானது இல்லை என்பது சரிதான். ஆனாலும் ஒரே நிறமுள்ள டியூப்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க அது போதும்.

'அக்வேரியம்' என்றும் 'பிளான்ட்' என்றும் எழுதி விற்கும் இளஞ்சிவப்பு டியூப்கள் செடிக்குக் கெடுதல் இல்லை. சிவப்பு மீன் பளிச்சென்று தெரியும். ஆனால் அது மட்டும் எரிந்தால் தொட்டி மங்கலாகத் தோன்றும், விலையும் சாதாரண டியூபைவிடப் பல மடங்கு. இரண்டில் ஒன்றாக வேண்டுமானால் வைக்கலாம். ஆக்டினிக் என்று நீல டியூப் கொடுத்தால் வாங்காதீர்கள், அது 420 நானோமீட்டர் அருகே எரிவது, கடல் தொட்டியில் பவளத்துக்கானது.

## டி8: வீட்டில் எரியும் அதே டியூப்

டி என்பதற்குப் பின்னால் வரும் எண், டியூபின் தடிமனை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்காகச் சொல்வது. டி8 என்றால் ஒரு அங்குலம், சுமார் 26 மில்லிமீட்டர். நாலடிக்கு 36 வாட், இரண்டடிக்கு 18 வாட்.

இதன் பலம், எளிமை. காப்பர் சோக், ஸ்டார்ட்டர், இரண்டு ஹோல்டர், அவ்வளவுதான் உள்ளே. எந்த எலக்ட்ரீஷியனும் சரி செய்வார். ஸ்டார்ட்டர் போனால் தெருமுனைக் கடையில் மாற்று. கரண்ட் ஏறி இறங்கினாலும் காப்பர் சோக் அசைந்துகொடுக்காது. சிலிண்டர் இல்லாத ஒன்றரை அடி உயரத் தொட்டிக்கு இரண்டு 36 வாட் 865 டியூப், மூடியின் உட்புறம் நல்ல வெள்ளைப் பெயின்ட், இவ்வளவு போதும். கிரிப்டோகோரைன் வெண்டியை எடுத்துக்கொள்ளுங்கள், அது இலங்கைக்கே உரிய செடி, மர நிழல் விழும் ஓடைக் கரைகளில் வளர்வது. அதற்கு இதைவிட அதிகம் தேவையே இல்லை. ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், வேலம்பாசி, நீர்ப்பிரம்மி எல்லாம் இதில் நன்றாகவே வரும்.

குறை என்றால், டியூப் தடிமன். மேல் பக்கம் போகிற ஒளி பிரதிபலித்துக் கீழே வரும்போது டியூபே குறுக்கே நின்று ஒரு பங்கை மறைத்துவிடும், அதனால் விலை கூடிய ரிஃப்ளெக்டர் போட்டாலும் டி5 அளவுக்குப் பலன் வராது. இன்னொன்று, காப்பர் சோக் தின்னும் கரண்ட். 36 வாட் டியூபுக்கு சோக் மட்டும் ஏறக்குறைய பத்து வாட் எடுக்கும். தினம் எட்டு மணி நேரம் என்றால் ஒரு டியூபுக்கு மாதம் 11 யூனிட். எலக்ட்ரானிக் சோக் போட்டால் 9 யூனிட்டுக்குள் வரும், டியூபின் மினுக்கலும் போய்விடும்.

நீளத்தையும் பாருங்கள். நாலடி டியூப் 1,200 மில்லிமீட்டர், நாலடித் தொட்டி 1,219. ஃபிட்டிங்கைக் கண்ணாடி விளிம்பின் மேல் வைக்கலாம், மூடிக்குள் அடக்க முடியாது. மூன்றடித் தொட்டிக்காரர்களுக்கு இதில் பெரிய சிக்கல்: அந்த நீளத்துக்கு 30 வாட் டி8 என்று ஒன்று உண்டு, சாதாரண எலக்ட்ரிகல் கடையில் கேட்டால் பெரும்பாலும் கையை விரிப்பார்கள்.

## டி5, 28 வாட்: அடக்கமான டியூப்

எட்டில் ஐந்து அங்குலம், 16 மில்லிமீட்டர். நீளங்கள் 549, 849, 1,149 மில்லிமீட்டர், வாட் முறையே 14, 21, 28. இரண்டடி, மூன்றடி, நாலடி மூடிக்குள் தாராளமாக உட்காரும்.

28 வாட் டியூப் 2,500 லூமென் சுற்றித் தரும், 36 வாட் டி8-ஐவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் டியூப் ஒல்லி என்பதால் நல்ல ரிஃப்ளெக்டர் இருந்தால் கீழே வந்து சேரும் வெளிச்சத்தில் அந்தக் குறை நிரம்பிவிடும். மாதம் ஒரு டியூபுக்கு ஏழரை யூனிட். நம் ஊர் வெயிலுக்கு இன்னொரு சாதகம் இருக்கிறது. டி8 தன் முழு வெளிச்சத்தைச் சுற்றுக்காற்று 25 டிகிரி இருக்கும்போது தரும், டி5 சுமார் 35 டிகிரியில் தரும். மூடிய ஹூடுக்குள், மே மாதச் சென்னையில், டி8 தன் திறனில் கொஞ்சம் இழந்து நிற்கும்போது டி5 தனக்குப் பிடித்த சூட்டில் எரிந்துகொண்டிருக்கும்.

மறைந்திருக்கும் செலவு எலக்ட்ரானிக் சோக். வீட்டுக் கூரைக்கு என்று விற்கும் மலிவான டி5 ஃபிட்டிங்கில் சோக் உள்ளேயே இருக்கும், தொட்டியின் ஈரக்காற்றில் அது ஒரு வருடம்கூடத் தாங்காமல் போவது சகஜம், போனால் முழு ஃபிட்டிங்கையும் தூக்கிப் போட வேண்டியதுதான். சோக்கைத் தனியே தொட்டிக்கு வெளியே வைத்து, டியூப் முனைகளுக்கு ரப்பர் மூடி உள்ள ஹோல்டர் போட்டால் ஆயுள் நீளும்.

புதிதாகத் தொடங்குபவர், சிலிண்டர் இல்லை, தொட்டி மூடியோடு அழகாக இருக்க வேண்டும் என்றால் என் தேர்வு இதுதான்.

## டி5 ஹெச்.ஓ.: அதே நீளம், இரண்டு மடங்கு வேகம்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஹெச்.ஓ. டியூப்கள் 24, 39, 54 வாட், நீளம் மட்டும் மேலே சொன்ன அதே 549, 849, 1,149. 54 வாட் டியூபை 28 வாட் ஃபிட்டிங்கில் மாட்டினால் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் அந்த சோக் அதற்கு வேண்டிய மின்னோட்டத்தைக் கொடுக்காது. தலைகீழாக 28 வாட் டியூபை 54 வாட் சோக்கில் போட்டால் முனை கறுத்துச் சீக்கிரம் போய்விடும். எழுத்தைப் படிக்காமல் நீளத்தை மட்டும் அளந்து வாங்காதீர்கள்.

ஒரு 54 வாட் டியூப் 4,200 லூமெனை ஒட்டித் தரும். டியூபுக்கு ஒன்றாக வளைந்த ரிஃப்ளெக்டர் இருந்தால் இரண்டு டியூபே ஒன்றரை அடி ஆழத்துக்கு வலுவான வெளிச்சம். தரையில் புல்வெளி போலப் படரும் ஹெமியாந்தஸ் 'கியூபா', சிவக்கச் சிவக்க வளரும் ரொட்டாலா, லுட்விஜியா இவற்றுக்கு ஃப்ளோரசென்ட் வகையில் இதுதான் வழி. இரண்டடி ஆழத் தொட்டிக்கும் இதுவே.

ஆனால் ஹெச்.ஓ. வாங்குகிறவர் லைட்டை மட்டும் வாங்குவதில்லை. கூடவே சிலிண்டர், ரெகுலேட்டர், டிஃப்யூசர் வரும், வாராவாரம் உரம் வரும், கிளை வெட்டும் வேலை வரும், பாதித் தண்ணீர் மாற்றுவது வரும். ஒரு வாரம் ஊருக்குப் போனால்கூடத் தொட்டி அதைக் காட்டிக்கொடுக்கும்.

கரண்டையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு டியூப், எட்டு மணி நேரம், மாதம் சுமார் 29 யூனிட். நாலு டியூப் என்றால் இரண்டு மாதத்துக்கு 115 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாக வரும் 100 யூனிட்டை இந்த லைட் ஒன்றே தின்று தீர்த்துவிடும்.

சூடும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் தொட்டியில் நாலு டியூப் எரிந்தபோது தண்ணீர் ஒன்றரை, இரண்டு டிகிரி ஏறியது. வெயில் காலத்தில் ஏற்கெனவே 31-ல் நிற்கும் தண்ணீருக்கு அது சின்ன விஷயமில்லை, சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், கிரிப்டோகோரைன் இலைகள் கரையத் தொடங்கும். ஹெச்.ஓ. ஃபிட்டிங்கைத் தண்ணீருக்கு மேலே ஓரடி உயரத்தில் தொங்கவிடுவது நல்லது.

## சி.எஃப்.எல்.: சின்னத் தொட்டிக்கு மட்டும்

மீன் கடையில் இதைச் சொல்வதில் தவறில்லை, அவர்கள் காட்சிக்கு வைத்திருக்கும் ஒரு அடித் தொட்டிக்கு அது சரி. நாலடித் தொட்டிக்குச் சரியில்லை. 23 வாட் சுருள் பல்பு 1,400 முதல் 1,500 லூமென் தரும், அதிலும் ஒரு பங்கு சுருளுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். இரண்டு பல்புக்குக் கீழே இரண்டு பிரகாசமான வட்டமும் நடுவிலும் ஓரத்திலும் இருட்டும்தான் கிடைக்கும். பல்பைச் செங்குத்தாகத் தொங்கவிடாமல் படுக்கைவாட்டில், மேலே ரிஃப்ளெக்டரோடு வைத்தால் கொஞ்சம் தேறும்.

ஓரடிக் கனசதுரத் தொட்டி, இறால், பாசிப்பந்து, அனுபியாஸ் என்றால் மேஜை விளக்கில் ஒரு 6500 கெல்வின் பல்பு போட்டு முடித்துவிடலாம். வேகமாக மங்கும், அதனால் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

## ஒரே பார்வையில்

| | டி8 36 வாட் | டி5 28 வாட் | டி5 ஹெச்.ஓ. 54 வாட் | சி.எஃப்.எல். 23 வாட் |
|---|---|---|---|---|
| ஒன்றின் லூமென் (6500 கெல்வின்) | 3,250 | 2,500 | 4,200 | 1,400–1,500 |
| இரண்டுக்கு மாத யூனிட் (தினம் 8 மணி) | 22 (காப்பர் சோக்) | 15 | 29 | 11 |
| ரிஃப்ளெக்டரால் பலன் | சுமார் | நன்று | மிக நன்று | குறைவு |
| சிலிண்டர் | வேண்டாம் | வேண்டாம் | கட்டாயம் | வேண்டாம் |
| பழுது பார்க்க | எளிது | சோக் தொல்லை | சோக் விலை அதிகம் | மாற்றுவது மட்டுமே |
| யாருக்கு | கையில் ஃபிட்டிங் உள்ளவர் | மூடியுள்ள தொட்டி | புல்வெளி, ஆழமான தொட்டி | ஓரடித் தொட்டி |

## எந்த லைட்டானாலும் வரும் செலவுகள்

மூடிக் கண்ணாடியைத் துடையுங்கள். போர்த் தண்ணீர் தெறித்துக் காய்ந்து படியும் வெள்ளை உப்பு, வெளிச்சத்தை நம்ப முடியாத அளவுக்குத் தடுக்கும். புது டியூப் வாங்க நினைப்பவர் முதலில் வினிகர் தொட்டு அந்தக் கண்ணாடியைத் துடைத்துப் பார்க்கட்டும், பாதி நேரம் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

வருடா வருடம் டியூப் மாற்ற வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. 54 என்று அச்சடித்த பழைய வகை டியூபுக்கு அது நியாயம். நல்ல 865 டியூப் தினம் எட்டு மணி நேரம் எரிந்தால் இரண்டு வருடத்தில் ஆறாயிரம் மணி நேரத்துக்குக் கிட்ட வரும், அதுவரை பெரிதாக மங்காது. மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல் ஒன்றை மாற்றி, இரண்டு மூன்று வாரம் கழித்து அடுத்ததை மாற்றுங்கள். திடீரென்று வெளிச்சம் ஏறினால் பாசி கிளம்பும்.

டைமர் வாங்கியே ஆக வேண்டும். தொட்டி லைன் ஈ.எல்.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) வழியாகப் போகட்டும், கையை உள்ளே விடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். டியூப் உடைந்தால் உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது: ஜன்னலைத் திறந்துவிட்டு, பிள்ளைகளை வெளியே அனுப்பி, துடைப்பமோ வேக்குவம் கிளீனரோ போடாமல் அட்டையால் வாரி, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

## எல்.இ.டி. இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

நியாயமான கேள்வி. ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆகஸ்டோடு டி5, டி8 டியூப்களைச் சந்தைக்கு விடுவதை நிறுத்திவிட்டது. அதே வருடம் ஜெனீவாவில் கூடிய மினமாட்டா ஒப்பந்த நாடுகள், 2027க்குள் நீள டியூப்களின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் முடித்துக்கொள்வது என்று முடிவு செய்தன. பாதரசம்தான் காரணம். இந்தியாவும் 2018-ல் அந்த ஒப்பந்தத்தை ஏற்ற நாடு. ஆகவே கையில் எதுவுமில்லாமல், முழு விலை கொடுத்துப் புதிதாக வாங்குவதென்றால் எல்.இ.டி. வாங்குங்கள், தயங்காதீர்கள்.

ஃபிட்டிங் ஏற்கெனவே இருப்பவருக்கும் சல்லிசாகக் கிடைப்பவருக்கும்தான் இந்த ஒப்பீடு. டியூப் வெளிச்சத்தின் ஒரு குணம் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது, அது தொட்டியின் நீளம் முழுக்கச் சமமாகப் படரும், இலைக்குக் கீழே கறுப்பு நிழல் விழாது. மலிவான எல்.இ.டி.யில் அந்த மென்மை வருவதில்லை. ஆனால் ஹெச்.ஓ. டியூப்கள்தான் முதலில் கடையில் காணாமல் போகும் என்று எதிர்பார்க்கிறேன், வைத்திருப்பவர்கள் இரண்டு 865-ஐ இப்போதே வாங்கிப் பரணில் போட்டுக்கொள்ளுங்கள்.

## நண்பருக்கு நான் சொன்னது

வீட்டில் கிடக்கும் இரண்டு டி8 ஃபிட்டிங்கை எடுங்கள், புது 865 டியூப் இரண்டு போடுங்கள், மேலே வெள்ளை பெயின்ட் அடித்த ஒரு பலகையை மூடியாக வைத்து அதில் திருகிவிடுங்கள். இரண்டுக்கும் தனித்தனி டைமர்: ஒன்று பிற்பகல் இரண்டு மணியிலிருந்து இரவு பத்து வரை, இன்னொன்று நடுவில் நாலு மணி நேரம் மட்டும். இரண்டு மாதம் இப்படி ஓடட்டும்.

புல்வெளி ஆசை கட்டாயம் வரும் என்று தோன்றினால் அந்த ஹெச்.ஓ. ஃபிட்டிங்கையும் வாங்கி வைக்கலாம், விலை இன்னும் கொஞ்சம் இறங்கினால். வாங்கும்போது நாலு டியூபும் எரிகிறதா, முனைகள் கறுத்திருக்கிறதா, ரிஃப்ளெக்டர் டியூபுக்கு ஒன்றாக இருக்கிறதா, இரண்டிரண்டாக அணைக்கத் தனி வயர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். தனி வயர் இல்லையென்றால் சோக்கைப் பிரித்துத் தர எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். சிலிண்டர் வரும் நாள்வரை இரண்டு டியூப் மட்டும், தண்ணீரிலிருந்து ஓரடி மேலே, ஆறு மணி நேரம். மாட்டும்போது எழுத்து அச்சடித்த முனைகளையெல்லாம் ஒரே பக்கமாக வையுங்கள், டி5-ல் அந்த முனை குளிர்ச்சியாக இருந்தால்தான் டியூப் முழுத் திறனோடு எரியும்.